பம்பைக் கழற்றுவதற்கு முன்

(பழைய கார் வைத்திருப்பவர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் தொழிற்பயிற்சி மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய காரில் பெட்ரோல் பம்ப் ஓடவில்லை என்றால் என்ன செய்வது என்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் பொருள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பம்ப் ஓடவில்லை என்று தெரிந்த உடனே பம்ப் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். பம்பு வரைக்கும் கரண்ட் வருகிறதா, வருகிற கரண்ட் பம்பைச் சுழற்றும் அளவுக்கு வருகிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். இன்று நான் பேசப்போவது முழுக்க இந்த ஒரு செய்திதான். அதை எப்படிச் செய்வது, ஏன் அப்படிச் செய்யவேண்டும் என்பதைத்தான் விரித்துச் சொல்லப்போகிறேன்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? இருபது வருஷம் ஓடிய ஒரு காரைப் பெரும்பாலும் வசதி குறைந்தவர்கள்தான் வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், சின்னக் கடைக்காரர், அப்பா வாங்கிய வண்டியை விற்க மனமில்லாத பிள்ளை. அவர்களிடம் ஒரு பம்புக்கும் டேங்கை இறக்கி ஏற்றும் கூலிக்கும் பணம் வாங்கிவிட்டு, மறுவாரம் வண்டி அதே இடத்தில் நின்றால் அது மிகப் பெரிய அநியாயம். அப்படி இரண்டு முறை பம்ப் மாற்றப்பட்ட ஒரு கார் என்னிடம் வந்தது. காலையில் சமர்த்தாக ஓடும். மதிய வெயிலில் நிறுத்திவைத்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது. மாலையில் தானாகச் சரியாகிவிடும். குற்றம் டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த ரிலேயில், அதாவது பம்புக்குப் போகும் கரண்ட்டைத் திறந்து மூடும் மின்சுவிட்சில். அதன் உள்ளே இருக்கும் ஈயப் பற்றில் மயிரிழை விரிசல். சூடேறினால் விரிசல் அகன்று தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கழற்றி வீசப்பட்ட இரண்டு பம்புகளிலும் எந்தக் கோளாறும் இருந்திருக்காது.

நம் ஊர் விவசாயியைப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டார் ஓடவில்லை என்றால், எடுத்த எடுப்பில் முந்நூறு அடிக் குழாயை வெளியே இழுக்க ஆள் கூப்பிடமாட்டார். முதலில் மூன்று ஃபேஸும் வருகிறதா என்று பார்ப்பார். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பார். கேபிளைப் பார்ப்பார். எல்லாம் சரி என்றால்தான் குழாயில் கை வைப்பார். கார் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதும் அதே போன்ற மோட்டார்தான். அந்த விவசாயியின் பொறுமை நமக்கும் வேண்டும்.

பழைய கார் என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாப் பழைய காரும் ஒன்றல்ல. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் பம்பே கிடையாது. சீட்டுக்கு அடியில் டேங்க், அதிலிருந்து தன் எடையாலேயே பெட்ரோல் கார்புரேட்டருக்கு இறங்கும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றுவார்கள். அப்போதுதான் டேங்க் கார்புரேட்டரைவிட உயரத்தில் இருக்கும்.

அதற்குப் பின் வந்தது நம் அம்பாசடர், பத்மினி, கார்புரேட்டர் வைத்த மாருதி 800 ஆகிய வண்டிகளில் இருந்த மெக்கானிக்கல் பம்ப். என்ஜின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். கேம்ஷாஃப்ட் ஒரு கையைத் தள்ளும், கை ஒரு டயாஃப்ரத்தை இழுக்கும், அது பெட்ரோலை உறிஞ்சி மேலே தள்ளும். அழுத்தம் 3 முதல் 5 பிஎஸ்ஐ வரைதான். கரண்ட்டுக்கு இங்கே வேலையே இல்லை. டேங்கில் எதை ஊற்றினாலும் அது உறிஞ்சித் தரும். 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, பழைய ஆஸ்டின், மோரிஸ் கார்களைக் கொஞ்சம் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்த மக்கள் வண்டிகளை உயிரோடு வைத்திருந்த திறமையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு குறையவில்லை.

இந்தப் பம்பைச் சோதிப்பது எளிது. கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, தீப்பொறி வராதபடி இக்னிஷன் காயிலின் வயரை எடுத்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டுப் பலமாகப் பீய்ச்சினால் பம்ப் நல்லது. வராவிட்டால் உடனே பம்பைக் குறை சொல்லாமல் டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் குழாயைப் பாருங்கள். ஊசி முனை அளவு வெடிப்பு போதும், பெட்ரோலுக்குப் பதில் காற்றைத்தான் அது உறிஞ்சும். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாது. இன்னொன்றையும் மறக்காமல் பாருங்கள். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் காரணமில்லாமல் கூடியிருந்தாலோ டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் என்ஜின் ஆயிலில் இறங்குகிறது. அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டவே கூடாது. ஆயில் நீர்த்துப் பேரிங் தேயும், தீ அபாயமும் உண்டு. கோடையில் அம்பாசடர் நடுரோட்டில் நின்றால் பம்பின் மேல் ஈரத்துணி போடுவார்களே, அது மூடநம்பிக்கை இல்லை. சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் ஆவியைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும். குளிர்ந்தால் மறுபடி திரவம் வரும்.

மோரிஸ் மைனரில் இருந்த எஸ்யூ மின்சாரப் பம்பையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். டிக் டிக் என்று சத்தமிடும். உள்ளே ஒரு ஜோடி பாயிண்ட் திறந்து மூடும். பாயிண்ட் கருகிவிட்டால் சத்தம் நிற்கும். ஸ்பேனர் பிடியால் ஒரு தட்டு தட்டினால் மறுபடி டிக் டிக். தட்டினால் ஓடும் பம்ப் என்ற பேச்சு அங்கிருந்துதான் ஊரெங்கும் பரவியிருக்க வேண்டும்.

இனி இன்றைய பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோ கார் முதலிலிருந்தே எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர்கள் வழியே பெட்ரோலைப் பீய்ச்சும் முறை. 2000ஐ ஒட்டி மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது மாருதி 800, ஜென் எல்லாம் கார்புரேட்டரை விட்டு எம்பிஎஃப்ஐக்கு மாறின. 1983 டிசம்பரில் தொடங்கிய மாருதி 800இன் உற்பத்தி 2014 ஜனவரியில்தான் நின்றது. அதனால் இன்று பட்டறைக்கு வரும் பழைய கார் என்றால் பெரும்பாலும் இந்த எம்பிஎஃப்ஐ வண்டிகள்தான். இவற்றில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. சுமார் 3 பார், அதாவது நாற்பதுக்கு மேற்பட்ட பிஎஸ்ஐ அழுத்தம் தருகிறது. சாதாரணமாக 4 முதல் 8 ஆம்பியர் வரை இழுக்கிறது.

பெட்ரோலுக்குள் மின்மோட்டார் ஓடினால் வெடிக்காதா என்று மாணவர்கள் கேட்பது வழக்கம். நல்ல கேள்வி. பெட்ரோல் ஆவி காற்றோடு ஏறக்குறைய ஒன்றரை சதவீதத்திலிருந்து ஏழரை சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். பம்ப் மூழ்கியிருக்கும் இடத்தில் காற்றே இல்லை. டேங்கின் மேல்பகுதியில் ஆவி மிக அடர்த்தி. ஆகவே உள்ளே பொறி வந்தாலும் பற்றாது. அதே காரணத்தால்தான் நிறைந்த டேங்கைவிடக் காலியான, திறந்துவைத்த டேங்க் பல மடங்கு ஆபத்து. காற்று உள்ளே போய் ஆவியோடு சரியான விகிதத்தில் கலந்துவிடும். காலி டேங்க்தானே என்று வெல்டிங் வைக்காதீர்கள். உயிர் போகும் வேலை அது.

எம்பிஎஃப்ஐ வண்டியில் பம்ப் தன்னிச்சையாக ஓடாது. அதற்கு அனுமதி வேண்டும். சாவியை ஆனில் வைத்தவுடன் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், அதாவது ஈசிஎம், பம்ப் ரிலேயை இரண்டு மூன்று நொடி இயக்கும். குழாயில் அழுத்தம் ஏறும். அதற்குள் என்ஜின் சுழல்கிறது என்ற செய்தி கிராங்க் சென்சாரிடமிருந்து வராவிட்டால் ரிலேயை விட்டுவிடும். இது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. விபத்தில் என்ஜின் நின்று, குழாய் உடைந்துகிடக்கும்போது பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் காருக்குள் இருப்பவர்கள் கதி என்ன? 1970களில் வந்த போஷ் எல்-ஜெட்ரானிக் முறையில் இதே வேலையைக் காற்று அளக்கும் பெட்டியின் மடலில் இருந்த சின்ன சுவிட்ச் செய்தது. என்ஜின் காற்றை இழுத்து மடல் அசைந்தால்தான் பம்புக்குக் கரண்ட். அந்த வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட் ஆகி, சாவியை விட்டவுடன் அணைந்தால், அனுபவமுள்ளவர்கள் நேராக அந்தச் சுவிட்சிடம் போவார்கள். செல்ஃப் அடிக்கும்போது பம்புக்குக் கரண்ட் வேறு வழியில் வருகிறது, ஓடும்போது மடல் வழியில் வருகிறது.

1980களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் இன்னொரு ஏற்பாடு. ரிலே போய்விட்டாலும் என்ஜின் ஆயில் அழுத்தம் ஏறியதும் ஒரு சுவிட்ச் மூடி பம்புக்குக் கரண்ட் கொடுக்கும். அதனால் அந்த வண்டி நீண்ட நேரம் செல்ஃப் அடித்த பிறகு ஸ்டார்ட் ஆகும். தெரியாதவர் பம்ப் வலுவிழந்துவிட்டது என்று மாற்றுவார். தெரிந்தவர் ரிலேயை மாற்றுவார். வண்டியின் நோய் எங்கே என்பதை அது நிற்கும் விதமே சொல்லிவிடும். ஆகவே வண்டியைத் தொடுவதற்கு முன் உரிமையாளரிடம் உட்கார்ந்து பேசுங்கள். திடீரென்று நின்றதா, இருமி இருமி நின்றதா? வெயிலில் மட்டுமா? மழைக்குப் பிறகா? சமீபத்தில் யாராவது பாட்டு செட் போட்டார்களா, சென்ட்ரல் லாக் போட்டார்களா? இந்தக் கேள்விகளுக்கு ஆகும் நேரம் வீண் போகாது.

இப்போது வண்டி நம் முன்னால் நிற்கிறது. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. முதலில் ஐந்து லிட்டர் பெட்ரோல் ஊற்றுங்கள். டேங்க் மிதவை பொய் சொல்லும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் விட்டுவிடுகிறோம். பிறகு ஒருவர் பெட்ரோல் மூடியைத் திறந்து காதை வைக்கட்டும், இன்னொருவர் சாவியை ஆனில் வைக்கட்டும். இரண்டு நொடி உறுமல் கேட்டால் பம்ப் ஓடுகிறது. அப்போது தேட வேண்டியது ஃபில்டரிலும் அழுத்தத்திலும் ஸ்பார்க்கிலும். உறுமல் இல்லையென்றால் கண்களை டேஷ்போர்டில் வையுங்கள். சாவி ஆனில் இருக்கும்போது என்ஜின் விளக்கு எரிகிறதா? அதுவும் எரியவில்லை என்றால் ஈசிஎம்முக்கே கரண்ட் இல்லை. மெயின் ரிலே, ஈசிஎம் ஃப்யூஸ், எர்த் இவற்றில் ஒன்று போயிருக்கிறது. பம்புக்கு அனுமதி கொடுக்க வேண்டியவனே தூங்குகிறான், பம்பைத் திட்டிப் பயனில்லை. திருட்டுத் தடுப்பு விளக்கு விடாமல் கண்சிமிட்டினால் சாவியை வண்டி ஏற்கவில்லை, அது தனிப் பாதை. ஃபோர்டு கார்கள் பலவற்றில் மோதலில் பம்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் இருக்கிறது. பெரிய பள்ளத்தில் இறங்கியதால்கூட அது விழுந்துவிடும். அதன் தலையிலுள்ள பொத்தானை அமுக்கினால் வண்டி கிளம்பிவிடும். ஆனால் அமுக்குவதற்கு முன் எங்கும் பெட்ரோல் கசிவு இல்லை என்று குனிந்து பாருங்கள். அதற்காகத்தான் அந்தச் சுவிட்சையே வைத்திருக்கிறார்கள்.

அடுத்து ஃப்யூஸ். எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று வைத்துவிடக்கூடாது. அதன் இரண்டு முனையிலும் டெஸ்ட் லைட் வைத்துப் பாருங்கள். ஃப்யூஸின் கால்கள் உட்காரும் இடம் உருகிக் கருத்திருக்கிறதா என்றும் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். மறுபடி போனால் டேங்க் பக்கத்தில் பம்ப் வயரை இணைக்கும் கப்ளரைக் கழற்றிவிட்டு இன்னொன்று போடுங்கள். இப்போது நிற்கிறது என்றால் கோளாறு பம்பிலோ டேங்குக்குள் போகும் வயரிலோ. அப்போதும் போகிறது என்றால் வழியில் எங்கோ வயர் உராய்ந்து பாடியில் ஒட்டுகிறது. கதவு நிலைக்கட்டைக்கு அடியில், பின்சீட்டின் இரும்புச் சட்டத்துக்கு அடியில், எலி கடித்த இடத்தில் தேடுங்கள். எக்காரணம் கொண்டும் ஃப்யூஸில் செம்புக் கம்பி சுற்றாதீர்கள். பெட்ரோல் டேங்கை நோக்கிப் போகும் வயர் அது.

ரிலேக்கு வருவோம். கையை வைத்துக்கொண்டு சாவியைப் போட்டால் டிக் என்று அசைவது தெரியும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டிக் சத்தம் காயில் வேலை செய்கிறது என்பதற்குத்தான் சான்று. உள்ளே கருகிய காண்டாக்ட் வழியாக 5 ஆம்பியர் போகிறது என்பதற்கு அது சான்றாகாது. பல ரிலேக்களின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 பம்புக்குப் போவது, 85உம் 86உம் காயில். எண் இல்லாத ரிலே என்றால் அதன் படத்தைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். ரிலேயைக் கழற்றிவிட்டு, நடுவில் ஃப்யூஸ் வைத்த ஜம்ப்பர் வயரால் 30ஐயும் 87ஐயும் இணையுங்கள். பம்ப் ஓடினால் உங்கள் தேடல் பாதியாகிவிட்டது. பம்பும் அதன் வயரும் எர்த்தும் அநேகமாக நல்லவை. கோளாறு ரிலேயிலோ அதற்குக் கட்டளை தரும் பக்கத்திலோ இருக்கிறது. கட்டளைப் பக்கத்தைப் பார்க்க எல்இடி டெஸ்ட் லைட் போதும். பெரிய பல்பு வைத்த டெஸ்ட் லைட்டை ஈசிஎம் வயரில் வைத்தால் அதன் உள்ளிருக்கும் டிரான்ஸிஸ்டரைக் கெடுத்துவிடலாம். சாவி போட்டதும் அந்த லைட் இரண்டு நொடி எரிந்து அணைந்தால் ஈசிஎம் தன் வேலையைச் செய்கிறது, ரிலேயை மாற்றுங்கள். 1990களின் ஹோண்டா கார்களில் வெயில் நேரத்தில் ஸ்டார்ட் ஆகாத கோளாறுக்கு மெயின் ரிலேயின் ஈய விரிசல் உலகம் முழுக்கப் பேர் போன காரணம். ஈயத்தை மறுபடி உருக்கிவிட்டே எத்தனையோ வண்டிகளை ஓடவைத்திருக்கிறார்கள்.

ஜம்ப்பர் போட்டும் ஓடவில்லையா? இப்போதும் அவசரப்படாதீர்கள். நான் இன்று அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்பும் இடம் இதுதான்.

மல்டிமீட்டரை எடுத்து பம்ப் கப்ளரில் வைக்கிறோம். 12 வோல்ட் காட்டுகிறது. கரண்ட் வருகிறது, பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறோம். இந்த முடிவு தவறாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் அணுவளவு. வயரில் இருபது இழை இருந்த இடத்தில் ஒரே இழை மிஞ்சியிருந்தாலும், கப்ளர் பச்சை பிடித்து உப்பாகியிருந்தாலும் மீட்டர் 12 என்றே காட்டும். பம்ப் 5 ஆம்பியர் கேட்கும்போதுதான் உண்மை வெளிவரும். வழியில் அரை ஓம் தடை இருந்தால் 5 ஆம்பியருக்கு இரண்டரை வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். தடை இரண்டு ஓம் என்றால் பம்பைச் சுழற்றும் அளவுக்கு ஏதும் மிஞ்சாது.

ஆகவே சுமையோடு சோதியுங்கள். அதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். பழைய ஹெட்லைட் பல்பு போதும். 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும், ஏறக்குறைய ஒரு பம்ப் இழுக்கும் அளவு. நீளமான வயர் வைத்து பம்ப் கப்ளரின் இரண்டு முனைக்கும் பல்பை இணையுங்கள். பல்பை டேங்கிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். இணைப்பெல்லாம் கரண்ட் இல்லாதபோது செய்து முடித்துவிட்டு, கடைசியாக முன்பக்க ரிலே பெட்டியில் ஜம்ப்பர் போடுங்கள். பொறி வந்தாலும் அங்கேதான் வரும், டேங்க் அருகில் வராது. பல்பு பளீரென்று எரிந்தால் கரண்ட்டில் குறை இல்லை. மங்கலாக எரிந்தால் வழியில் திருட்டு நடக்கிறது.

திருடன் பாசிட்டிவ் பக்கமா எர்த் பக்கமா என்பதை இப்போது மீட்டர் சொல்லும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைக் கப்ளரின் பாசிட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். பிறகு பேட்டரி நெகட்டிவுக்கும் கப்ளரின் எர்த்துக்கும் இடையே பாருங்கள். கால் வோல்ட்டைத் தாண்டக்கூடாது. நம் ஊரில் எர்த் பக்கம்தான் அடிக்கடி கெடும். கடற்கரையோர ஊர்களின் உப்புக்காற்று, மழைக்காலத்தில் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும் நீர் எல்லாம் பாடியில் போல்ட் போட்ட எர்த் முனையைத்தான் முதலில் தின்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களைக் கழுவிக் காயவைத்து விற்றார்கள். அப்படி நீர் புகுந்த கப்ளர்கள் பல வருஷம் கழித்துக்கூட உயிரை எடுக்கும். எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிக் கிரீஸ் தடவினால் முடிந்துபோகும் வேலைக்கு எத்தனை பம்புகள் பலியாகியிருக்கின்றன!

வயரில் கை வைத்த மனிதர்களையும் சொல்லவேண்டும். வண்டி வாங்கிய பிறகு போடப்பட்ட அலாரம் பெட்டிகள் பல, திருடன் வந்தால் வண்டி நிற்க வேண்டும் என்று பம்ப் வயரையோ இக்னிஷன் வயரையோ வெட்டி நடுவில் ஒரு ரிலேயைப் புகுத்தியிருக்கும். அந்த ஜாயிண்ட்டை முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். பத்து வருஷத்தில் டேப் பசை உருகி, முறுக்கு தளர்ந்து, லூஸ் காண்டாக்ட் ஆகிவிடும். ஸ்டீயரிங்குக்கு அடியில் டேப் சுற்றிய கட்டு எது கண்ணில் பட்டாலும் அவிழ்த்துப் பாருங்கள். எல்பிஜி கிட் போட்ட வண்டியில் இன்னொரு கதை. கேஸில் ஓடும்போது பெட்ரோல் பம்பை நிறுத்தும் இணைப்பு சரியாக இல்லாமல், டேங்கில் பெட்ரோலும் இல்லாமல் பம்ப் வெறுமனே சுற்றிக்கொண்டே இருக்கும். பம்பைக் குளிரவைப்பது அதைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோல்தான். அது இல்லாவிட்டால் வெந்துபோகும். கேஸ் போட்டவர்கள் டேங்கில் கால் பங்காவது பெட்ரோல் வையுங்கள். பெட்ரோலிலேயே ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். தினமும் நூறு ரூபாய்க்குப் போட்டு ஓட்டினால் பம்பின் ஆயுள் குறையும்.

இத்தனையும் பார்த்து, பல்பு பளீரென்று எரிந்து, பம்ப் மட்டும் மௌனமாக இருந்தால், ஆம், இப்போது பம்ப்தான் குற்றவாளி. உறுதி செய்ய இன்னொரு சோதனை உண்டு. கப்ளரை மாட்டி, ஜம்ப்பர் போட்டுவிட்டு, டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். திடுக்கென்று ஓடத் தொடங்கினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. வண்டியை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க அது உதவும், அதற்குமேல் நம்பக்கூடாது. டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தால் இழுக்கும் கரண்ட்டைப் பாருங்கள். ஒன்றுமே இழுக்கவில்லை என்றால் உள்ளே தொடர்பு அறுந்திருக்கிறது. வழக்கத்தைவிட மிக அதிகம் என்றால் பம்ப் இறுகியிருக்கிறது அல்லது அழுக்கில் திணறுகிறது.

பம்பை மாற்றும்போது செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பம்ப் அடியில் இருக்கும் வலையையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய வலையில் டேங்க் துரு அடைத்திருந்தால் டேங்கையும் கழுவவேண்டும், இல்லையென்றால் புதிய பம்புக்கும் அதே கதி. டேங்க் மூடியில் உள்ள கப்ளர் முனைகள் உருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். உள்ளே போடும் குழாய் பெட்ரோலில் மூழ்கியிருக்கத் தகுந்ததாக இருக்கவேண்டும், அதில் எஸ்ஏஇ ஜே30ஆர்10 என்று அச்சிட்டிருக்கும். வெளியே போடும் சாதாரண பெட்ரோல் குழாய் வெளிப்புறத்திலிருந்து ஊறி, உப்பி, பிளந்துவிடும். இப்போது நாடெங்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களை இதற்கென்று செய்யவில்லை. குழாய், சீல், மெக்கானிக்கல் பம்பின் டயாஃப்ரம் எல்லாவற்றையும் சர்வீஸுக்குச் சர்வீஸ் தொட்டுப் பார்க்கும் வழக்கம் வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கு மின்சாரப் பம்ப் போடுகிறவர்கள் எம்பிஎஃப்ஐ பம்பை மாட்டிவிடாதீர்கள். அந்த அழுத்தத்தில் கார்புரேட்டர் ஊசி தாங்காது, பெட்ரோல் வழிந்து சூடான என்ஜின் மேல் கொட்டும்.

பாதுகாப்பைப் பற்றி நான் சொல்வதைச் சடங்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி குளிரில்கூடப் பற்றக்கூடிய ஆவியைத் தரும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் போய்த் தங்கும். பட்டறைக் குழிக்குள் இறங்கி நின்று பெட்ரோல் குழாயைத் திறக்கவே கூடாது. குழாயைக் கழற்றுவதற்கு முன் அழுத்தத்தை இறக்குங்கள். ஓடும் வண்டி என்றால் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஓடாத வண்டி என்றால் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இணைப்பைக் கனத்த துணியால் சுற்றிக்கொண்டு மெதுவாகத் தளர்த்துங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பவுடர் தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பட்டறையின் மூலையில் சாம்பிராணி எரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் டேங்கைத் திறக்காதீர்கள் என்று சொல்லவேண்டியிருப்பது எனக்கு வருத்தம்தான், ஆனால் சொல்லியே ஆகவேண்டும்.

பட்டறை நடத்தும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பம்ப் மாற்றிய ஒவ்வொரு பில்லிலும் மூன்று எண்களை எழுதிக் கொடுங்கள். சுமையோடு கப்ளரில் எத்தனை வோல்ட் வந்தது, எர்த் பக்கத்தில் எவ்வளவு விழுந்தது, புதிய பம்ப் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது. கழற்றிய பம்பையும் ஒரு பையில் போட்டு உரிமையாளர் கையில் கொடுத்துவிடுங்கள். வண்டி வைத்திருப்பவர்களே, அந்த மூன்று எண்களையும் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத பில்லுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஏன் இல்லை என்று கேளுங்கள்.